கட்டு அவிழ்ந்த கை

எலும்பே, உனக்கு என்ன இவ்வளவு அவசரம்?

மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "அழகாக் கூடியிருக்கும்மா" என்றபோது அக்காவின் மனதில் ஓடியது இதுதான். வாயில் வந்தது வேறு. "ரொம்ப சந்தோஷம் டாக்டர்." அவள் வாய் எப்போதும் ஒழுங்காகத்தான் பேசும். மனதுதான் அவளிடம் கேட்காமல் வேறு தெருவில் நடக்கும்.

மாவுக்கட்டை வெட்டி எடுத்தார்கள். உள்ளேயிருந்து வந்த கை வெளிறி, இளைத்து, யாரோ ஒரு நோயாளியின் கை போலிருந்தது. மணிக்கட்டைச் சுழற்றச் சொன்னார். வலிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே சுழற்றினாள். வலிக்கவில்லை. கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான்.

"இனிமே பயமில்லாம எல்லா வேலையும் செய்யலாம். சமையல்கூடப் பண்ணலாம்."

அதை ஒரு பரிசு கொடுப்பது போலச் சொன்னார்.

வெளியே வந்தவள் பக்கத்து மருந்துக் கடையில் ஒரு க்ரேப் பேண்டேஜ் வாங்கினாள். ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, மணிக்கட்டைச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். கையைத் தாங்கும் பழைய தூளியையும் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வயிற்றுவலி என்று சொல்லும் பிள்ளைக்கு என்ன வயதிருக்கும்? ஏழு, எட்டு? அவளுக்கு நாற்பத்தேழு.

அவள் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்ததும், வலது மணிக்கட்டு முறிந்ததும், அந்த வீட்டு அடுப்பு முதல் முறையாக வேறொரு கைக்கு மாறியதும் பழைய கதை. புதுக் கதை என்னவென்றால், அந்த ஒன்றரை மாதமும் அவள் சந்தோஷமாக இருந்தாள். அதை யாரிடமும் சொல்ல முடியாது.

அவள் எல்லாருக்கும் அக்கா. இரண்டு தம்பிகளுக்கு அக்கா, பெரிய தம்பியின் மனைவிக்கு அக்கா, அவள் லென்ஸ் பொருத்தும் கண்ணாடிக் கடையில் முதலாளிக்கும் அக்கா. அப்பாவுக்கு மட்டும் பாப்பா.

அம்மா போனபோது அவள் பள்ளிக்கூடத்தை முடித்திருந்தாள். அப்பாவுக்கு ரயிலில் கார்டு வேலை; பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்பிப் போன மறுநாள் காலை, இரண்டு பையன்களும் பசியோடு எழுந்தார்கள். யாராவது சோறு வைக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு மட்டும் என்றுதான் கரண்டியை எடுத்தாள். கீழே வைக்க யாரும் சொல்லவில்லை. வரன் பேச வந்தவர்களிடம் அப்பா, "அவ இல்லாட்டி இந்த வீட்டுல உலை கொதிக்காது" என்று சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார்.

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் ஏதாவது முணுமுணுத்துப் பாடுவாள். யாராவது எட்டிப் பார்த்தால், "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்பாள். கூட ஒரு ஆள் நின்றால் வேலை இழுக்கும். சீக்கிரம் முடித்துவிட்டு வெளியே வர வேண்டும். பாட்டு, நேரம் போவதற்கு. ஆனால் வீட்டில் அதற்கு வேறு அர்த்தம் எழுதிவைத்துவிட்டார்கள். அக்காவுக்குச் சமையல் என்றால் உயிர். அது அவள் ராஜ்ஜியம். உள்ளே கால் வைத்தால் கோபம் வரும்.

அந்த வீட்டில் சமைத்தவள் கடைசியில்தான் சாப்பிடுவாள். அதுவும் நின்றுகொண்டு. கை முறிந்த அன்று மாலை, தம்பி மனைவி அவளை நாற்காலியில் உட்காரவைத்து, ஆவி பறக்கும் சோற்றைத் தட்டில் போட்டாள். அக்கா ஸ்பூனை இடது கையில் பிடித்து முதல் வாயை விழுங்கியபோது நாக்கு சுட்டது. அவளுக்கு அழுகை வந்தது. வலி தாங்கவில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இப்போது கட்டு அவிழ்ந்துவிட்டது. கரண்டியைத் திரும்ப எடுக்காவிட்டால்? அந்தக் கேள்வியின் மறுபக்கத்தில் இன்னொரு கேள்வி உட்கார்ந்திருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. தம்பிக்குக் கல்யாணமாகிவிட்ட இந்த வீட்டில், கரண்டி இல்லாத அக்கா யார்?

கடையில் அன்று கூட்டம். கண் பரிசோதனை செய்கிறவர் ஒரு பெரியவரின் மூக்கில் பரிசோதனைச் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டார். இது தெளிவா இருக்கா, இதுவா? இப்ப? இது? பெரியவர் ஒவ்வொரு முறையும் யோசித்துப் பதில் சொன்னார். அக்கா பல வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தன்னிடம் யாரும் இப்படி மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டதில்லையே என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

அப்போது அப்பா போன் செய்தார். வெளியூரில் இருக்கும் சின்னவன் வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு வருகிறானாம். கூடவே அவன் மாமனார் வீட்டாரும். மொத்தம் ஒன்பது பேர், மூன்று நாள் தங்கல். அக்கா கைக் குழம்பு சாப்பிட்டு எத்தனை நாளாச்சு என்று ஏங்கிப்போயிருக்கிறானாம்.

"கட்டு அவுத்தாச்சுல்ல பாப்பா? நான் வரச் சொல்லிட்டேன்."

"எஞ்சின் டிரைவரைக் கேக்காமலே பச்சைக் கொடி காட்டிட்டீங்களாப்பா?"

அப்பா சிரித்தார். வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார். "பாக்கலாம்பா" என்று சொல்லி போனை வைத்தாள். அவள் 'பாக்கலாம்' என்றால் 'சரி' என்று அர்த்தம். அதுவும் அந்த வீட்டில் எழுதிவைத்த அகராதிதான்.

முதலாளியிடம் சொல்லிவிட்டு வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பினாள். பேண்டேஜைக் காட்டி, இன்னும் இரண்டு வாரம் அசைக்கக் கூடாதாம் என்று சொல்ல வேண்டும். பேருந்தில் அதை மனதுக்குள் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு விதத்திலும் பொய் பளிச்சென்று தெரிந்தது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. சமையலறையில் தம்பி மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அவளுக்குப் பல்லழகி என்று பெயர். தம்பி கேலிக்கு வைத்தது, நிலைத்துவிட்டது. பல்செட் செய்யும் லேபில் வேலை. அப்பாவுக்குப் பல் கட்ட அழைத்துப் போன இடத்தில்தான் தம்பி அவளைப் பார்த்தான். அப்பா ஒரு செட்டுக்கு ஒரு தடவை போனால் போதும். தம்பி, கடிக்கும்போது இடிக்கிறது, பேசும்போது நழுவுகிறது என்று அவரை ஏழு தடவை கூட்டிப் போனான். போன வருடம் கல்யாணம் ஆனது. அவள் செய்துகொடுத்த பல்லை மாட்டிக்கொண்டுதான் அப்பா இப்போது அவள் சமையலைக் குறை சொல்கிறார்.

அடுப்பில் இரண்டு பாத்திரம். பெரியதில் வீட்டுக் குழம்பு. பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன வாணலி. அதிலிருந்து வந்த வாசனை வேறு. வதங்கிய பச்சை மிளகாய், தக்காளி, தூக்கலாகப் புளி. அக்காவின் வாயில் எச்சில் ஊறியது.

"என்னம்மா அது?"

பல்லழகி திடுக்கிட்டுத் திரும்பினாள். சின்ன வாணலியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோன வேகத்தில், அவள் முழங்கை குழம்புப் பாத்திரத்தின் விளிம்பை இடித்தது. பாத்திரம் சரிந்தது. அவள் காலுக்கு நேராகச் சரிந்தது.

தூளியிலிருந்து அக்காவின் வலது கை பாய்ந்து வந்தது. மேடையில் கிடந்த கைப்பிடித் துணியை அள்ளி, பாத்திரத்தை ஒரே பிடியில் நிமிர்த்தி அடுப்பில் உட்காரவைத்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. முப்பது வருடப் பழக்கம் பேண்டேஜைக் கேட்டுக்கொண்டு வராது.

இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

"அக்கா... கை."

"அதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான் எப்படிப்பட்ட பதிலைச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. "உன் முதுகுக்குப் பின்னாடி என்ன?"

"அதுவும் ஒண்ணும் இல்லக்கா."

முதலில் சிரித்தது யாரென்று பிறகு அவர்களுக்கே நினைவில்லை. பல்லழகி வாணலியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா சுவரில் சாய்ந்து நின்று, பேண்டேஜை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். காலையிலேயே அவிழ்த்துவிட்டார்கள், கூடிவிட்டது, அதற்கு மேல் இதை நானே கட்டிக்கொண்டேன் என்று சொன்னாள். ஏன் என்று பல்லழகி கேட்கவில்லை. சின்ன வாணலியை நீட்டினாள்.

அக்கா ஒரு தட்டில் சோறு போட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வாணலிக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, வலது கையாலேயே ஒரு வாய் எடுத்து வைத்தாள். ஒன்றரை மாதம் கழித்துக் கையால் சாப்பிடுகிறாள். புளிப்பு காதுக்குப் பின்னால் வரை போய்ச் சுளீர் என்றது. கண்ணில் நீர் வந்தது. இன்னொரு வாய் எடுத்தாள்.

அவளுக்குப் புளிப்பு பிடிக்கும். இத்தனை வருடத்தில் அது அவளுக்குத் தெரியாது. அப்பாவுக்குப் புளி ஆகாது, சின்னவனுக்குக் காரம் ஆகாது, பெரியவனுக்கு வெங்காயம் தட்டுப்படக் கூடாது. அவரவர் நாக்கை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். தனக்கும் ஒன்று இருப்பதைக் கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

"இத ஏன் எங்களுக்குப் போடல?"

பல்லழகி தயங்கினாள். "உங்க குழம்பு மாதிரி இல்லியேக்கா. லேப்ல ஒரு பல்லு பண்ணினா, பக்கத்துப் பல்லு நிறத்துக்கு இம்மி மாறினாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. அதே பழக்கம். மாமா நாக்குக்கு உங்க நிறம்தான் தெரியும். அதான் பெரிய பாத்திரத்துல உங்களுது, எல்லாரும் சாப்பிட்டதும் எனக்கு இந்த ஒரு வாய்."

"நின்னுக்கிட்டா?"

"நின்னுக்கிட்டுத்தான்."

அக்கா கையை நக்குவதை நிறுத்தினாள்.

பல்லழகி தன் போனை எடுத்துக் காட்டினாள். சமையலறை அலமாரியின் படம். அக்கா கையை உடைத்துக்கொண்ட அன்று, எதையும் தொடுவதற்கு முன்னால் எடுத்ததாம். உப்பு ஜாடி எங்கே, மிளகாய்த்தூள் எங்கே, அஞ்சறைப் பெட்டியின் மூடி எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, எல்லாம் அதில் இருந்தது. தினமும் பாத்திரம் கழுவியதும் படத்தைப் பார்த்து ஒவ்வொன்றையும் பழையபடி வைத்துவிடுவாளாம். வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள் சுவரில் ஆணி அடித்த ஓட்டையை அடைப்பது போல.

"நீங்க திரும்பி வர்றப்போ எதுவும் மாறியிருக்கக் கூடாதுன்னுதான். கல்யாணத்துக்கு முன்னாடியே உங்க தம்பி சொல்லிட்டாரு. எங்க அக்காகிட்ட எதுல வேணா விளையாடு, அடுப்புல மட்டும் கை வெச்சுடாதேன்னு."

அக்கா அந்தப் படத்தையே பார்த்தாள். எல்லாம் அடுப்புக்கு வலது பக்கம். உப்பு வலது, எண்ணெய் வலது, கரண்டிகள் தொங்கும் கம்பி வலது. பல்லழகிக்கு இடது கைப் பழக்கம். ஒன்றரை மாதமாக இந்தப் பெண் ஒவ்வொரு சிட்டிகை உப்புக்கும் கொதிக்கிற அடுப்பின் மேலாகக் கையை நீட்டியிருக்கிறாள். முன்கையில் சின்னச் சின்னதாக மூன்று சூட்டுத் தழும்புகள்.

"எனக்கு அடுப்பு பிடிக்கும்னு யாரு சொன்னா?" என்றாள் அக்கா.

கேள்வி மெதுவாகத்தான் வந்தது. ஆனால் அதைச் சொன்ன பிறகு உடம்பிலிருந்து எதையோ கழற்றி வைத்தது போலிருந்தது. மாவுக்கட்டை வெட்டியபோதுகூட இவ்வளவு லேசாக இல்லை.

பல்லழகி போனை மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்குப் பிடிக்கும்க்கா" என்றாள். "லேப்ல சொந்தமா ஒண்ணும் பண்ண முடியாது. இங்க பண்ணலாம்னு கை துறுதுறுங்குது. ஆனா ஒண்ணு. மூணு வேளையும் நான் ஒருத்தியேன்னா, எனக்கும் ஒருநாள் கை உடையணும்."

அக்காவுக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. தன் இருபது வயதில் இப்படி ஒரு வாக்கியம் வாயில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததை அங்கேயே விட்டாள்.

இன்னொன்று பாக்கி இருந்தது. அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல், பேண்டேஜைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். "நான் இதுக்குள்ள வரலன்னா, சும்மா உக்காந்து சாப்பிடறவன்னு ஆயிடுவேனோ?"

பல்லழகி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "சும்மாவா? கடையிலேர்ந்து வந்து அந்த நாற்காலியில உக்காந்து, இன்னிக்கு யாரு எந்தக் கண்ணாடியப் போட்டுப் பாத்துட்டு என்ன சொன்னாங்கன்னு சொல்றீங்களே, அதுக்குத்தான் நான் சாயங்காலம் எப்ப வரும்னு பாத்துக்கிட்டிருக்கேன். உங்க தம்பியே சொன்னாரு. எங்க அக்கா இவ்வளவு தமாஷாப் பேசுவான்னு எனக்கு இப்பத்தான் தெரியும், இத்தனை வருஷமா கதவுக்குப் பின்னாடி பாட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கேன்னு."

அக்கா எழுந்தாள். உப்பு ஜாடியை எடுத்து அடுப்புக்கு இடது பக்கம் வைத்தாள்.

பிறகு எண்ணெய், அஞ்சறைப் பெட்டி, கரண்டிக் கம்பி. தம்பி வேலையிலிருந்து வந்தபோது, அக்கா ஸ்டூலில் ஏறி ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். தூளி கதவுப் பிடியில் தொங்கியது. அவன் அவளுடைய வெறும் மணிக்கட்டைப் பார்த்தான். லிஃப்ட் மெக்கானிக், கையில் கிரீஸ்.

காலைச் சிற்றுண்டி இனிமேல் அவன் பொறுப்பு என்று அவன் மனைவி அறிவித்தாள். தான் லிஃப்ட் ரிப்பேர் பண்ணுகிறவன் என்று அவன் எடுத்துச் சொல்லிப் பார்த்தான்.

"மேல மாட்டிக்கிட்ட லிஃப்ட கீழ கொண்டுவரத் தெரியுதுல்ல?" என்றாள் அக்கா. "பொங்கற பாலக் கீழ கொண்டுவரத் தெரியாதா? கைய கழுவிட்டு வெங்காயத்த உரி. உனக்குத் தட்டுப்படக் கூடாதுன்னா நீயே பொடிசா நறுக்கிக்கோ."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் கத்தியை நீட்டினாள்.

அப்பா மாலை நடை முடிந்து வந்தார். சாப்பாட்டு மேசையில் நாலு தட்டு இருந்தது. நாலு நாற்காலியிலும் ஆட்கள் உட்கார்ந்தார்கள். சமைத்தவளும் உட்கார்ந்தாள். பாத்திரங்களை நடுவில் வைத்து அவரவர் போட்டுக்கொண்டார்கள். பரிமாற யாராவது எழுந்து வருவார்களா என்று அப்பா ஒரு தடவை சமையலறைப் பக்கம் பார்த்தார். அங்கே விளக்கு அணைந்திருந்தது.

பெரிய பாத்திரத்தில் இருந்தது சின்ன வாணலிக் குழம்பு; பல்லழகி மறுபடியும் எல்லாருக்குமாகச் செய்திருந்தாள். பழைய குழம்பும் ஒரு கிண்ணத்தில் பக்கத்தில் இருந்தது. அப்பா புதியதை ஒரு கரண்டி போட்டுப் பிசைந்து சாப்பிட்டார்.

"புளி தூக்கல்" என்றார்.

யாரும் எழுந்து ஓடவில்லை. அவர் பழைய குழம்பைப் பார்த்தார். பிறகு, வேறு வழியில்லாதவர் போல, புளிக்குழம்பிலேயே இன்னொரு அரைக் கரண்டி ஊற்றிக்கொண்டார்.

அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. சின்னவன். அப்பா முகம் மலர்ந்தது. "இதோ, பக்கத்துலதான் இருக்கா. கட்டெல்லாம் அவுத்தாச்சு. நீயே பேசு" என்று போனை அக்காவிடம் நீட்டினார். அவள் இடது கையில் வாங்கிக்கொண்டாள். வலது கையில் சோறு.

"அக்கா, வெள்ளிக்கிழமை வர்றோம். மாமனார் வீட்டுல உன் குழம்பப் பத்திச் சொல்லிச் சொல்லி வெச்சிருக்கேன். மானத்தக் காப்பாத்திடுவல்ல?"

"வாங்கடா. எல்லாரும் வாங்க" என்றாள். "ஆனா நான் சமைக்கல."

மேசையில் மூன்று கைகள் அப்படியே நின்றன. அப்பா அவளைப் பார்ப்பது தெரிந்தது. அவள் திரும்பவில்லை.

அந்தப் பக்கம் சின்னவன் உடனே இரங்கிய குரலில் கேட்டான். "இன்னும் வலிக்குதாக்கா?"

கதவுப் பிடியில் தூளி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு 'ஆமா' போதும். எல்லாரும் நம்புவார்கள். யாருக்கும் மனம் நோகாது. இன்னும் இரண்டு வாரம், அப்புறம் இன்னும் இரண்டு வாரம்.

"வலிக்கலடா. கை நல்லாத்தான் இருக்கு. எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்."

"அப்ப வெள்ளிக்கிழமை யாருதான் சமைப்பா?" என்று அவன் கேட்டான். அந்தக் கேள்வி போனிலிருந்து மேசை முழுவதும் கேட்டது. தம்பி வெங்காய வாசனை வீசும் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். பல்லழகி தட்டைப் பார்த்தாள். அவள் உதட்டோரம் என்னவோ துடித்தது.

அக்கா போனை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தாள். சோறு இன்னும் சூடாக இருந்தது. அது ஆறுவதற்குள் அவள் சாப்பிட வேண்டியிருந்தது.